சீர்வரிசையில் போன கொம்பியூட்டர்

ஒரு கொம்பியூட்டரில் ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும்போது புதிய டிஸ்க் ஒன்றை மாட்டி அதில் ஓஎஸ், அதாவது கொம்பியூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், போடுவதென்றால், முதலில் பழைய டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றிவிட வேண்டும். புதியது மட்டும் தனியாக நிற்க வேண்டும். போட்டு முடித்த பிறகு பழையவற்றை மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம். சின்ன வேலை. நான் இதற்கென்றே படித்தவள். இரத்தினபுரியில் நான் வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் இப்போது இந்த விதி தெரியாதவர்கள் யாரும் இல்லை. கொம்பியூட்டரை ஒருமுறைகூடத் தொட்டிராத அம்மா, நான் குக்கரை அடுப்பில் வைக்கும்போதுகூட, "கேபிளக் கழட்டிட்டியா?" என்று கேட்கிறார். (குக்கருக்கு ஏதும்மா கேபிள்? கேட்டுப் பயனில்லை.)

இதற்குக் காரணம் அக்காவின் கல்யாணம்.

நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே இருக்கிறது. மாப்பிள்ளை வீடு புளத்கொகுபிட்டிய. நாள் குறித்து, பத்திரிகை அடித்து, டவுனில் மண்டபமும் எடுத்த பிறகு, கட்டாரில் வேலை செய்யும் அண்ணனுக்குக் கிடைப்பதாக இருந்த லீவு கிடைக்கவில்லை. அக்கா அழவில்லை. கூறைச் சேலைக்குத் தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸ் துணியைத் தையல்காரியிடமிருந்து திரும்ப வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

"என்னடி இது?" என்றார் அம்மா.

"அண்ணே பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

"அவன் என்னா வேணும்னா வராம இருக்கான்?"

"வரச் சொல்லல. பாக்கணும். தாலி ஏறுறத அவரு பாக்கணும். பாக்கலன்னா வேணாம்."

அக்கா அதிகம் பேசமாட்டாள். பேசினால் மாற்றமாட்டாள். அண்ணன் வெளிநாடு போனது அக்கா உயர்தரம் படிக்கும்போது. அவளுடைய கல்யாணத்துக்கு எப்படியும் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதனால் வீடே துணியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நான் லைவ் பண்ணிக் காட்டுறேன்."

"போன்ல வீடியோ கோல் எடுத்தாப் போதும்டி," என்றாள் அக்கா.

இங்கே நான் "சரி" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் வீடியோ கோல் என்பது படிக்காதவர்கள் எடுப்பது என்று அந்த வயதில் ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. (அந்த வயது என்றால், போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.) மூன்று கெமரா, நல்ல மைக், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப என்னுடைய கொம்பியூட்டர் என்று நான் ஒரு திட்டத்தை விளக்கினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் நம்பிக்கை வந்துவிட்டது. பிளவுஸ் துணி தையல்காரியிடம் திரும்பிப் போனது.

திட்டத்தில் ஒரு குறைதான். என் கொம்பியூட்டர் ஓர் ஊர்ந்துபோகும் பிராணி. நானே பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கியது. அதில் இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் ஓஎஸ், மற்றதில் படங்கள். ஓஎஸ் இருந்த டிஸ்க் எழும்புவதற்குள் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிடலாம். லைவ் தாங்காது. ஆகவே ஒரு புது எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். பழைய டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழலும். இதில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. வேகம், அதோடு குலுக்கலுக்கும் பயமில்லை. இதில் புது ஓஎஸ் போட்டால் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எஸ்டியை மாட்டி, பழைய டிஸ்க்குகளின் கேபிளில் கை வைக்கும் நேரத்தில் பெரியப்பா வந்தார்.

பெரியப்பா தோட்டத்துக் கோயில் கமிட்டியின் தலைவர். அவர் போனில் இருக்கும் ஒரே உருப்படியான சாமான் பஞ்சாங்கம். நல்ல நேரம் பார்க்காமல் அவர் பல்கூட விளக்கமாட்டார் என்று பெரியம்மா சொல்வார்.

"கல்யாணத்துக்கான வேலதானே இது?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப நல்ல நேரத்துல தொடங்கணும். இந்தா, இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. அப்புறம் ராகு காலம்."

"பெரியப்பா, இது மெஷின்."

"பஸ்ஸு மெஷின் இல்லியா? டிரைவரு எலுமிச்சம்பழம் வைக்கலியா?"

எலுமிச்சம்பழம் என் பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். திறந்திருந்த பெட்டிக்குள் பொட்டு வைக்கப் போன கையை நான் பிடித்து, வெளித் தகட்டுக்குத் திருப்பினேன். பெரியப்பா கற்பூரத் தட்டை விசிறிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அதையும் தள்ளிப் பிடித்தேன். இத்தனைக்கும் நான் நிதானம் இழக்கவில்லை. கேபிள் மட்டும் இன்னும் மாட்டியபடியே இருந்தது.

அப்போது வாசலில் சுனில் அய்யா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், வேன் வைத்திருக்கிறார், கல்யாணத்துக்கும் அவர் வேன்தான். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசும் சிங்களவர்; என்னை மட்டும் சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி, என்பார். அவர் வீட்டிலும் நெகத, அதாவது சுபநேரம், பார்க்காமல் ஒன்றும் நடக்காது.

"நங்கி, நேரம் மட்டும் பாத்தா பத்தாது. தெசயும் பாக்கணும். எங்க நெகத கணக்குல இன்னிக்கு வடக்குப் பாத்துத்தான் தொடங்கணும்."

பெரியப்பா யோசித்தார். கோயில் தலைவருக்கு இது மரியாதைப் பிரச்சினை ஆகுமோ என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "ரெண்டையும் பாத்துருவோம். கூடுதலா இருந்தா நல்லதுதானே."

இரண்டு இனங்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து என் மேசையைத் தூக்கி வடக்குப் பக்கம் திருப்பின. கொம்பியூட்டரின் திறந்த பக்கம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே கை நுழைக்க ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

"தள்ளி வச்சாத்தான் கேபிளக் கழட்டலாம்," என்றேன்.

"நேரம் போவுது," என்றார் பெரியப்பா.

"அழுத்து நங்கி," என்றார் சுனில் அய்யா.

"நல்ல காரியத்துக்கு ஏண்டி இழுக்குற?" என்றார் அம்மா.

நான் தர்க்கரீதியாக யோசித்தேன். கேபிளைக் கழற்றச் சொல்வது எதற்கு? தவறிப்போய்ப் பழைய டிஸ்க்கை அழித்துவிடாமல் இருப்பதற்கு. நானோ தவறமாட்டேன். திரையில் டிஸ்க்குகளின் பட்டியல் வந்தது. அளவைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். மறுபடியும் அளவைப் பார்த்தேன். புதியதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ராகு காலத்துக்கு முன்னால், வடக்குப் பார்த்து, அழுத்தினேன். அம்மா குலவை போட்டார்.

ஒரு படம் அழியவில்லை. ஓஎஸ் புதியதில் போய் உட்கார்ந்தது. கொம்பியூட்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழும்பியது. அடுத்த சில நாட்கள் கெமராக்களைப் பூட்டி ஒத்திகை பார்த்தோம். "அம்மா மூக்குத்திகூட மின்னுது," என்றார் கட்டாரிலிருந்து அண்ணன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு துண்டு தொதல் இனிப்பு கொண்டுவந்து தந்தாள். நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது இது. கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் தேடுவது ஓஎஸ்ஸை அல்ல. அதைத் தொடக்கிவிடும் சின்னப் பகுதி ஒன்றை. பழைய டிஸ்க்கில் அதற்கென்று ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. கேபிளும் மாட்டியிருந்தது. ஆகவே புது ஓஎஸ் தன்னுடைய சின்னப் பகுதியை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் புது வீடு கட்டிவிட்டு, கதவை மட்டும் பழைய லயத்து வரிசை வீட்டில் மாட்டிவிட்டு வந்த மாதிரி. கேபிளைக் கழற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதையும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை. எங்கள் தோட்டத்து ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் போத்தலில் பால் கொண்டுபோனால் டவுனில் வெண்ணெய் எடுக்கலாம். சுழலும் டிஸ்க்குகள் அந்தக் குலுக்கலைத் தாங்காது. குலுங்கினாலும் ஒன்றும் ஆகாதது எஸ்எஸ்டிதான். வேலைக்கும் அது ஒன்று போதும். எனவே பொறுப்பான பெண்ணாக, பழைய இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி எடுத்தேன். (ஆம். அன்றைக்குத்தான் கேபிளைக் கழற்றினேன்.) ஓஎஸ் போடப் பயன்படுத்திய பென் டிரைவையும் சேர்த்து அம்மாவிடம் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அம்மா மூன்றையும் பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று திரும்பினேன். கொம்பியூட்டர் சிவப்புத் துணியில் கட்டப்பட்டிருந்தது.

"யாரு கட்டினது?"

"நாந்தான்," என்றார் பெரியம்மா. "தூசி படும்ல."

"அவிழுங்க, ஒருக்காப் பாத்துருவோம்."

"கல்யாணத்துக்குக் கட்டின கட்ட வீட்டுல வச்சு அவுக்கக் கூடாது," என்றார் பெரியப்பா.

சீர்வரிசைத் தட்டுகளையும் அதே துணியில்தான் கட்டியிருந்தார்கள். ஒரு முழுத் துணி வாங்கிக் கிழித்தது. வேனில் தேங்காய்த் தட்டுக்கும் பழத் தட்டுக்கும் நடுவே என் கொம்பியூட்டர் போனது, சந்தனப் பொட்டோடு.

மண்டப வாசலில் மேளம் தொடங்கியது. பெண்கள் ஆளுக்கொரு தட்டை ஏந்தி வரிசையாக நடந்தார்கள். நான் கெமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், வரிசையில் பெரியம்மா கொம்பியூட்டரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருகிறார். மாப்பிள்ளையின் அத்தை தட்டுகளை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டரையும் எண்ணினார்.

சீரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் நான் மேசைமேல் வைத்தபோது அவர் கூடவே வந்தார்.

"மாப்பிள்ளைக்கா? என்னாத்துக்கும்மா இவ்வளவு செலவு?"

"இல்லைங்க, இது லைவுக்கு."

"ஆங். போட்டுக் காட்டப் போறீங்களா. காட்டுங்க."

கெமராவை யாரும் மறைக்கக் கூடாது, போனை யாரும் தூக்கக் கூடாது என்று மைக்கில் அறிவித்துவிட்டு, கம்பீரமாக சுவிட்ச்சைப் போட்டேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை.

நான் பதறவில்லை. அணைத்துப் போட்டேன். எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டினேன். செட்டிங்கில் போய்ப் பார்த்தேன். எஸ்எஸ்டி இருந்தது. அது இருப்பதை கொம்பியூட்டரும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதிலிருந்து தொடங்க மாட்டேன் என்றது. அந்த நிமிஷத்தில், வடக்குப் பக்கம் திரும்பிய மேசையும், சுவரோடு ஒட்டிய பெட்டியும், உள்ளே மாட்டியிருந்த கேபிளும், நான் பாடம் நடத்திய ஒவ்வொரு முகமும் என் கண்முன்னே வரிசையாக வந்தன.

"என்னாம்மா, ஓடாதா?" என்றார் அத்தை.

"ஓடும்ங்க. ஒரு பகுதி வீட்டுல இருக்கு."

அவர் இதை இரகசியமாக வைத்துக்கொள்ள முயன்றிருக்கலாம். ஆனால் சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. "சீருல குடுத்த கொம்பியூட்டரு ஓடலியாம்" என்பது முதல் செய்தி. "பாதிய வீட்டுல வச்சுக்கிட்டாங்களாம்" என்பது இரண்டாவது.

அலுமாரிச் சாவி அம்மாவின் முந்தானையில். அம்மா மணவறையில். அப்பாவோடு உட்கார்ந்து தாரை வார்க்கத் தயாராக இருந்தார். நான் கெமரா வயர்களுக்குக் கீழே குனிந்து, தவழ்ந்து, ஓமப் புகைக்குள் தலையை நீட்டினேன்.

"அம்மா, அலுமாரிச் சாவி."

"இப்பவா?"

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அம்மா முடிச்சை அவிழ்த்தார். மூன்று முடிச்சுப் போட்டிருந்தார். சாவி கைமாறி சுனில் அய்யாவிடம் போனது. "நங்கி, பயப்படாத, பறந்துட்டு வாறேன்," என்று வேனை எடுத்தார். அந்த ரோட்டில் பறக்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

முகூர்த்தம் நெருங்கியது. கூறைச் சேலையில் வந்து உட்கார்ந்த அக்கா, குனிந்த தலையை லேசாகத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே பாக்குறாரா?"

"வருது அக்கா," என்றேன்.

அவளுக்கு என்னைத் தெரியும். தலையை நிமிர்த்தி நேராக உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கி நீட்டினார். அவள் குனியவில்லை.

"நேரம் போறதும்மா," என்றார் ஐயர்.

"அண்ணே வரட்டும்."

மாப்பிள்ளை நல்ல மனிதர். தாலியைப் பிடித்தபடியே நின்றார். அவருடைய அத்தை எழுந்து நின்றுவிட்டார். "என்னாங்க இது, பொண்ணுக்கு விருப்பம் இல்லியா?" என்று ஒரு குரல் கேட்டது. கெட்டிமேளத்துக்காகக் கோலைத் தூக்கியிருந்தவர் தூக்கியபடியே இருந்தார். நான் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றேன். என்னிடம் மூன்று கெமரா, நல்ல மைக், ஒரு பட்டயம் இருந்தன.

பெரியப்பா எழுந்தார். கையில் போன். அதைத் தூக்கக் கூடாதென்ற என் அறிவிப்பை அவர் மதித்திருக்கவில்லை. நல்ல நேரம் முடிகிறதா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் பெயரைத் தேடி அழுத்தினார். ஆயுளில் அவர் தாமாக எடுத்த முதல் வீடியோ கோல் அது. போனை இரண்டு கையாலும் தீபாராதனைத் தட்டு மாதிரி மணவறைக்கு நேராகப் பிடித்தார்.

"டேய் தம்பி, பாருடா, ஒன் தங்கச்சி!"

"அண்ணே," என்றாள் அக்கா. "தெரியுதா?"

மண்டபமே போன் பக்கம் காதைச் சாய்த்தது.

"தெரியுது தங்கச்சி," என்றது அண்ணனின் குரல். "நல்லாத் தெரியுது. குனி. கட்டச் சொல்லு."

அக்கா குனிந்தாள். மேளம் வெடித்தது. அட்சதை விழுந்தது. தாலி ஏறியது. பெரியப்பா அழுதுகொண்டே போனை அசையாமல் பிடித்திருந்தார்.

சுனில் அய்யா சேலைப் பொட்டலத்தோடு வந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. பழைய டிஸ்க்கை மாட்டினேன். கொம்பியூட்டர் உடனே எழும்பியது, ஒன்றுமே நடக்காதது போல. மூன்று கெமராக்களும் வேலை செய்தன. அதன் பிறகு நடந்த அனைத்தையும் அண்ணன் மிகத் துல்லியமாகப் பார்த்தார்: இலை போட்டது, அப்பளம் உடைந்தது, மாப்பிள்ளையின் அத்தை இரண்டாம் முறை பாயாசம் கேட்டது. மூன்று கோணங்களில்.

அன்று பின்னேரம் அண்ணன் எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார். தாலி ஏறிய நேரத்தில் அவருடைய திரையில் தெரிந்ததை அப்படியே பிடித்தது. படம் முழுக்கப் பெரியப்பாவின் முகம். கீழேயிருந்து எடுத்த கோணம். இரண்டு மூக்குத் துவாரம், ஒரு கண், அதிலிருந்து இறங்கும் தண்ணீர். பெரியப்பா போனை மணவறைக்குத்தான் காட்டியிருந்தார். போனின் முன்பக்கக் கெமரா அவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"திருப்புங்க பெரியப்பான்னு சொல்லி, அவரு திருப்புறதுக்குள்ள ராகு காலம் வந்துரும்," என்றார் அண்ணன். "அவரு மொகத்துலயே எல்லாம் தெரிஞ்சிச்சு. விடு."

நஷ்டக் கணக்கு சுருக்கமானது. சீரில் எண்ணப்பட்டது திரும்பி வருவதில்லை. என் கொம்பியூட்டர், சந்தனப் பொட்டோடும் பழைய டிஸ்க்குகளோடும், புளத்கொகுபிட்டியவில் அக்கா வீட்டில் வாழ்கிறது. ஓடாத கொம்பியூட்டர் கொடுத்த குடும்பம் என்ற பெயர் வரக் கூடாதென்று, அதன் கதவை, அதாவது அந்தச் சின்னப் பகுதியை, புது வீடான எஸ்எஸ்டியிலேயே மாட்டிக்கொடுக்க நான் ஒருமுறை அங்கே போனேன். அன்றைக்குக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

சுனில் அய்யா இப்போது வேனை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "வயர் கெலெவ்வத நங்கி?" என்று கேட்கிறார். கழற்றிவிட்டாயா என்று. ஏற்கெனவே சொன்னபடி, குக்கருக்கும் கேட்கிறார்கள்.

அந்தப் படம் அக்காவின் ஆல்பத்தில் இருக்கிறது. போன சித்திரைக்கு லீவில் வந்த அண்ணன், நடந்ததை அப்போதுதான் அக்காவிடம் சொன்னார். அக்கா அவரை இரண்டு அடி அடித்தாள். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து வந்து, தாலி கட்டும் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில், அதே அளவில் ஒட்டினாள். ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்துவார்கள். பிறகு மரியாதையாகப் புரட்டிவிடுவார்கள்.

பெரியப்பா மட்டும் புரட்டுவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம்முடைய மூக்குத் துவாரங்களை வெகுநேரம் பார்ப்பார்.

"படம் தெளிவா விழுந்திருக்குல்ல," என்பார். "நல்ல நேரத்துல எடுத்தது. அதான்."